கொழும்பா? கடுகண்ணாவையா?

2025ஆம் ஆண்டு ஆடி மாத இறுதியில் ஒரு மாலைப்பொழுது. வெள்ளவத்தையில் நாம் வாடகைக்கு இருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்கு அதன் சொந்தக்காரர் வந்தார். நாற்காலியின் நுனியில் அமர்ந்து தேநீரை மிக மெதுவாகப் பருகினார். வீட்டுச் சொந்தக்காரர் தேநீரை மெதுவாகப் பருகும் நாள் எத்தகைய நாள் என்பதை வாடகை வீட்டில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். தை மாதம் முதல் வாடகை உயரும் என்பதை அவர் பணிவோடு சொன்னார். நாமும் பணிவோடு கேட்டுக்கொண்டோம். அவர் படியிறங்கிச் சென்ற பின்னர் வீட்டில் நெடுநேரம் எவரும் பேசவில்லை.

"இஞ்சருங்கோ, இந்தக் காசுக்கு வேறை எங்கையும் ஒரு முழு வீடே எடுக்கலாமெல்லே?" என்று மௌனத்தைக் கலைத்தவர் நமது இல்லத்தரசியார்.

அந்தக் கேள்வி அன்றோடு நிற்கவில்லை. அடுத்த நான்கு மாதங்களாக அது நம் வீட்டு உணவு மேசையில் நாள்தோறும் பரிமாறப்பட்டது. பட்டணத்தில் வாழும் எத்தனையோ குடும்பங்கள் இதே கேள்வியை இன்று கேட்டுக்கொண்டிருக்கின்றன என்பதை அறிவோம். ஆதலால் நாம் போட்ட கணக்கையும், அதில் நேர்ந்த பிழையையும், பிழை திருத்திக்கொண்ட விதத்தையும் வாசகர்கள் முன் வைக்கின்றோம்.

ஏன் கடுகண்ணாவை?

நமது குடும்பம் பெரிதன்று. நாம், இல்லத்தரசியார், பத்தாம் வகுப்பிற் படிக்கும் மகள், எண்பதைக் கடந்த தாயார் ஆக நால்வர். நமது தொழில் கணக்கெழுதுவது. 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகிய பின்னர், மாதத்தில் இரண்டு மூன்று நாட்களே அலுவலகத்துக்குச் செல்லவேண்டியிருக்கிறது. எஞ்சிய நாட்களில் கொழும்பின் வாடகையைக் கொடுத்து, கொழும்பின் புகையைச் சுவாசித்து, கொழும்பை எட்டிப் பாராமலே வாழ்கின்றோம். தாயாரின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. மின்தூக்கி இல்லாத கட்டடம், முழங்கால் வலி. அவர் மண்ணை மிதிப்பது மாதத்தில் ஒரு முறையோ இரு முறையோதான்.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினால் என்ன என்று உறவினர் கேட்டனர். அங்கிருந்த வீடு தமக்கையாரின் சீதனமாயிற்று. அன்றியும் மாதந்தோறும் அலுவலகம் வந்துபோக அத்தூரம் ஒத்துவராது. அப்போதுதான் நண்பர் ஒருவர் கடுகண்ணாவையின் பெயரைச் சொன்னார். கொழும்பிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர். கண்டியிலிருந்து சுமார் 15 கிலோமீற்றர். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,700 அடி உயரம். தனக்கென ஒரு நகர சபை, ஒரு புகையிரத நிலையம், ஒரு கடைத்தெரு. கண்டி போகும் போதெல்லாம் புகையிரத யன்னலால் பார்த்து, "என்ன அழகான ஊர்!" என்று சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கின்றோம். அங்கே இறங்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பெரியோர் செய்த இடமாற்றங்கள்

தலைநகரை விட்டு இக் கண்டிப் பள்ளத்தாக்கை நாடி வந்தவர்களில் நாம் முதல்வர் அல்லோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தளபதியாயிருந்த மவுண்ட்பேட்டன் பிரபு, தமது தலைமையகத்தை டில்லியிலிருந்து 1944ஆம் ஆண்டு பேராதனைப் பூங்காவுக்கு மாற்றிக்கொண்டார். ஒரு பெரும் படையையே மரநிழலில் இருந்து நடத்த முடியுமானால், சில கணக்கேடுகளை அங்கிருந்து எழுத முடியாதா என்று நாம் இல்லத்தரசியாரிடம் கேட்டோம்.

"அவருக்குச் சமைக்க ஆள் இருந்திருப்பினம்" என்பது அவரது மறுமொழி.

இதனிலும் நம் காலத்துக்குப் பொருந்தும் உதாரணம் இலங்கைப் பல்கலைக்கழகத்தினுடையது. அதனைக் கொழும்பில் நிறுவுவதா கண்டிப் பக்கம் நிறுவுவதா என்று சட்டசபையிலும் பத்திரிகைகளிலும் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. 1942ஆம் ஆண்டு கொழும்பில் தோன்றிய பல்கலைக்கழகம், 1952ஆம் ஆண்டிலே பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. ஆனால் அது எல்லாவற்றையும் தன்னோடு எடுத்துச் செல்லவில்லை. மருத்துவ பீடம் கொழும்பிலேயே தங்கிவிட்டது. பேராதனையில் மருத்துவ பீடம் 1962ஆம் ஆண்டில் தொடங்கியது. போதனா வைத்தியசாலை திறக்கப்பட்டதோ 1980ஆம் ஆண்டில். இதில் ஒரு பாடம் இருக்கிறது. இடம் மாறுவோர் எதனைக் கொண்டுசெல்ல முடியும், எதனை விட்டுச்செல்ல நேரும் என்று முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வெளிநாடுகளிலும் இச்சிந்தனை வலுத்துவருகிறது. தோக்கியோப் பெருநகரில் மக்கள் திரள்வதைக் குறைக்கும் பொருட்டு, அதனை விட்டுச் சிற்றூர்களுக்குச் செல்லும் குடும்பங்களுக்கு ஜப்பானிய அரசு உதவிப்பணம் தருகிறது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் பிள்ளை ஒன்றுக்குப் பத்து இலட்சம் யென் வரை அவ்வுதவி உயர்த்தப்பட்டது. நமக்கு அப்படி ஒருவரும் பணம் தரப்போவதில்லை. ஆகவே நமது கணக்கை நாமே போடவேண்டியதாயிற்று.

மலை ஏறிய வண்டி

ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை, கோட்டை நிலையத்தில் நால்வரும் புகையிரதம் ஏறினோம். தாயாரைப் படியிறக்கிக் கொண்டுவருவதே ஒரு யாத்திரையாயிற்று. றம்புக்கணை வரை வண்டி சமவெளியில் ஓடியது. அதன்பின் மூச்சு வாங்கத் தொடங்கியது. றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரையுள்ள ஏற்றம், 45 அடி தூரத்துக்கு 1 அடி உயர்வு என்னும் கணக்கில் அமைந்தது. கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், மலைநாட்டு விளைவைத் துறைமுகத்துக்குக் கொணரும் நோக்குடன் அமைக்கப்பட்ட இப்பாதை, 1867ஆம் ஆண்டிலே கண்டியை எட்டியது. ஒருபுறம் அலகல்ல மலை, மறுபுறம் பாதாளம், தொலைவில் விரித்த வேதநூல் போலத் தட்டையாகத் தோன்றும் பைபிள் பாறை. மகள் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு வெளியே பார்த்தாள். இது எளிதில் நடப்பதன்று.

கடுகண்ணாவை நிலையத்தை ஒட்டியே புகையிரத நூதனசாலை உள்ளது. 1864ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை முதல் வண்டி ஓடிய நிகழ்ச்சியின் 150ஆவது ஆண்டு நிறைவை ஒட்டி, 2014ஆம் ஆண்டு அதே நாளில் அது திறக்கப்பட்டது. பழைய நீராவி இயந்திரங்கள் அங்கே இளைப்பாறுகின்றன.

ஊரின் மற்றோர் அடையாளம் டோசன் கோபுரம். கொழும்பு கண்டி வீதியை வகுத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக 1832ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட இது, ஏறத்தாழ 125 அடி உயரமுள்ளது. அதற்குக் கீழே, கணவாயில், பாறையைக் குடைந்து அமைத்த பழைய வீதிவாயில் இன்றும் நிற்கிறது. மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி வசமாகும் என்று முற்காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்ததாம். 1815ஆம் ஆண்டிலே கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1820களில் மலையைத் துளைத்து அந்நம்பிக்கைக்கும் ஒரு முடிவு கட்டினர். அன்று முதல் இன்றுவரை, இவ்வூரின் வாழ்வும் தாழ்வும் அவ்வீதியையே நம்பியிருக்கின்றன. இவ்வுண்மையை நாம் அன்று நூதனசாலைச் செய்தியாகவே எண்ணிக்கொண்டோம். அதன் பொருள் பின்னரே விளங்கியது.

முப்பத்திரண்டு படிகள்

நண்பர் சொல்லிவைத்த வீடு, நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், மலைச்சரிவில் ஏறும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. மூன்று அறைகள், அகன்ற விறாந்தை, சிவப்பு மெழுகு பூசிய நிலம். முற்றத்தில் ஒரு பலா. வேலியோரத்தில் வெண்ணெய்ப்பழ மரம். விறாந்தையில் நின்றால் எதிரே மலைத்தொடர். காற்று குளிர்ந்திருந்தது. வாடகையோ வெள்ளவத்தையில் நாம் கொடுப்பதில் பாதிக்கும் குறைவு. விரும்பினால் ஓராண்டின் பின் விலைக்கே தரவும் சொந்தக்காரர் ஆயத்தமாயிருந்தார்.

குறை ஒன்றே கண்ணிற் பட்டது. ஒழுங்கையிலிருந்து வீட்டுக்கு ஏற 32 படிகள். தாயார் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறினார். மேலே வந்து சேர்ந்ததும், "மூண்டாம் மாடியிலை இருந்து ரெண்டாம் மாடிக்கு இறங்கியிருக்கிறம், அவ்வளவுதான்" என்றார். பிறகு முற்றத்து மண்ணில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நெடுநேரம் நின்றார்.

"இஞ்சை முருங்கை வருமோ?" என்பது அவரது அடுத்த கேள்வி. அயல்வீட்டு அம்மையாரிடம் சிங்களத்தில் கேட்டு அறிந்தோம். மரம் வளருமாம், மழை மிகுதியால் காய் குறைவாம்.

திரும்பும் வழியில், கடைத்தெருவில் தேநீர் அருந்த ஒரு சிறு கடைக்குள் புகுந்தோம். கடைக்காரர் தமிழ் பேசும் முஸ்லிம் பெரியவர். வீடு பார்க்க வந்த செய்தியைக் கேட்டு மகிழ்ந்தார். வீடு எங்கே என்று விசாரித்தார். சொன்னதும் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"நல்ல எடம்தான் ஐயா. ஆனா எல்லாரும் வெயில்ல வந்து வீடு பாக்கிறாங்க. மழையில வந்து யாரும் பாக்கிறதில்ல" என்றார்.

நாம் சிரித்தோம். மலைநாட்டில் மழை பெய்வது புதினமா என்று எண்ணிக்கொண்டோம்.

தூரக் கணக்கு

வீடு திரும்பியதும் இல்லத்தரசியார் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, நடுவே கோடு கீறி, ஒருபுறம் "கூடுவது" என்றும் மறுபுறம் "குறைவது" என்றும் எழுதினார். கணக்கெழுதுவது நமது தொழிலாயினும், வீட்டில் கணக்காளர் அவரே.

குறைவது என்ற பக்கத்தில் வாடகை முதலிடம் பெற்றது. அடுத்துக் குளிரூட்டிக்கான மின்கட்டணம். கூடுவது என்ற பக்கத்தில் அவர் எழுதியவை நமக்குத் தோன்றாதவை. மாதந்தோறும் நாம் கொழும்பு வந்துபோகும் செலவு. வரும் நாட்களில் தங்குமிடம். மகளைப் பாடசாலைக்கு ஏற்றிச்செல்லும் வாகனக் கூலி. கல்யாணம், காரியம், கோவில் திருவிழா என்று வெள்ளவத்தைக்கு வரும் பயணங்கள். மழைக்காலத்தில் உலராத துணியும் பூஞ்சணம் பிடிக்கும் அலுமாரியும். எல்லாம் கூட்டிப் பார்த்தபோது, வாடகையில் மிச்சமானதில் பாதிக்கு மேல் வழியிலேயே கரைந்தது. சிற்றூர் வாழ்வு மலிவானது என்பது உண்மையே. ஆனால் பட்டணத்தோடு தொடர்பை அறுக்காமல் சிற்றூரில் வாழ்வது அத்துணை மலிவன்று.

பணம் ஒருபுறமிருக்க, தூரங்களை எண்ணினோம். இங்கேதான் எதிர்பாராத உண்மைகள் வெளிப்பட்டன.

முதலாவது வைத்தியசாலை. கொழும்பை விட்டால் வைத்தியம் தொலைவாகிவிடும் என்று அஞ்சியிருந்தோம். வெள்ளவத்தையிலிருந்து கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர். கடுகண்ணாவையிலிருந்து பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர். மாலை வேளைக் காலி வீதியின் நெரிசலை எண்ணினால் இரண்டும் சமமே. மேலதிக சிகிச்சை வேண்டுமாயின் கண்டித் தேசிய வைத்தியசாலையும் எட்டும் தூரத்தில் உள்ளது. தாயாரைப் பொறுத்தவரை இத்தூரம் நாம் அஞ்சியது போல் கூடவில்லை.

இரண்டாவது பாடசாலை. தமிழ்மொழி மூலம் உயர்வகுப்புப் படிக்கக் கண்டி நகருக்கே செல்லவேண்டும். கண்டி இந்து சிரேஷ்ட பாடசாலை போன்ற நற்கல்லூரிகள் அங்குள்ளன. ஆயினும் பிலிமத்தலாவை, பேராதனை வழியாகக் கண்டிக்குள் நுழையும் காலை நெரிசல் கொழும்பு நெரிசலின் உடன்பிறப்பு. 15 கிலோமீற்றர் என்று நிலப்படம் சொல்வதைப் பேருந்து ஒரு மணி நேரம் என்று சொல்லும். மகள் இன்று பத்து நிமிடத்தில் பாடசாலைக்கு நடந்து போகிறாள். அதற்கும் மேலாக, சாதாரணதரப் பரீட்சைக்கு ஓராண்டே இருக்கும் பிள்ளையைப் பாடசாலை மாற்றுவது ஆற்றின் நடுவே தோணி மாற்றுவது போன்றது. அவள் வாய்திறந்து மறுக்கவில்லை. கொப்பியின் ஓரத்தில் "எனது சிநேகிதிகள்" என்று சிறிய எழுத்தில் எழுதிவைத்திருந்தாள். அதற்கு எதிரே எந்தத் தொகையை எழுதுவதென்று இல்லத்தரசியாருக்கும் தெரியவில்லை.

தமிழ் கேட்குமா?

மூன்றாவது தூரம் கிலோமீற்றரால் அளக்க முடியாதது. வெள்ளவத்தையில் கதவைத் திறந்தால் தமிழ் கேட்கும். கடுகண்ணாவைக் கடைத்தெருவில் பெரும்பாலும் சிங்களமே கேட்கும். கண்டி மாவட்டத்தில் தமிழர், பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவினரே. முஸ்லிம் மக்களையும் சேர்த்தெண்ணினால் தமிழ் கேட்கும் வீடுகள் பெருகும். எனினும் கோவில் மணியோசையும் வானொலித் தமிழும் அடுத்த வீட்டிலிருந்து வரும் என எதிர்பார்த்தல் கூடாது.

ஆனால் இவ்விடயத்தை ஆராயப் புகுந்தபோது, நமது அறியாமை சில நீங்கியது. கடுகண்ணாவைக்கு அண்மையிலுள்ள கடலாதெனிய விகாரையை 1344ஆம் ஆண்டிலே கட்டிய சிற்பி, தென்னிந்தியரான கணேஸ்வராச்சாரி என்பவர். அதே ஆண்டில் எழுந்த லங்காதிலக விகாரையின் பாறைச் சாசனம் சிங்களத்தில் மட்டுமன்றித் தமிழிலும் வெட்டப்பட்டிருக்கிறது. மரச்சிற்பத் தூண்களுக்குப் பெயர்பெற்ற எம்பெக்கே தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்கு உரியது. தமிழில் நாவல் தோன்றிய தொடக்க காலத்திலேயே, 1885ஆம் ஆண்டில், 'அசன்பேயுடைய கதை'யை எழுதிய சித்திலெவ்வை கண்டியிற் பிறந்தவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்துக்கு மறுவாழ்வு அளித்தது பேராதனை மண்ணிலேதான். அப் பல்கலைக்கழகத்திலே குறிஞ்சிக் குமரன் எழுந்தருளியிருக்கிறான். கண்டி நகரில் கட்டுக்கலைப் பிள்ளையார் இருக்கிறார். தமிழ் அங்கே விருந்தாளி அன்று. ஆயினும் அன்றாடம் காய்கறி வாங்கவும், அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுக்கவும் சிங்களம் தெரிந்திருத்தல் இன்றியமையாதது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. கந்தோர் மேசைக்கு அப்பால் இருப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி.

மொழியைப் பற்றிப் பேசும்போது, தமிழ்க் குடும்பங்கள் பேசாமல் விடும் மற்றொன்றும் உண்டு. அது அச்சம். "ஒண்டு நடந்தால் அங்கை தனியே என்ன செய்வியள்?" என்று கொழும்பில் வாழும் உறவினர் ஒருவர் கேட்டார். நாம் மறுமொழி சொல்லத் தயங்கியபோது, மூலையிலிருந்து தாயார் பேசினார்.

"58இலை அப்புவோடை கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனன். 83இலை உன்னைக் கையிலை பிடிச்சுக்கொண்டு கப்பலேறினன். 95இலை ஒரு பையோடை நடந்தன். மூண்டு தரமும் ஒருதரும் என்னட்டை 'போவமோ' எண்டு கேட்கேல்லை. இப்பதான் தம்பி, நீ கேட்கிறாய். ஓடாமல் வீடு மாறிறது எப்பிடி எண்டு பாப்பமே."

அதன்பின் அக்கேள்வியை எவரும் கேட்கவில்லை. 1958, 1983, 1995 ஆகிய ஆண்டுகளில் நம்மவர் எத்தனையோ ஆயிரம் பேர் வீடு மாறியது கூடுவதும் குறைவதும் பார்த்தன்று. கொப்பியில் கோடு கீறி, நிதானமாக, மகளிடமும் தாயாரிடமும் கருத்துக் கேட்டு ஊர் மாறும் வாய்ப்பே ஒரு பெரும் பேறு. அப்பேற்றை அவசரத்தில் வீணாக்கலாகாது என்பதையும் தாயாரின் சொல் நமக்கு உணர்த்தியது.

கார்த்திகை மழை

ஐப்பசி கழிந்தது. மகளைப் பரீட்சைவரை உறவினர் வீட்டில் விடுவதா, அனைவரும் காத்திருப்பதா என்ற ஒன்றைத் தவிர, மற்றெல்லாம் கடுகண்ணாவைப் பக்கமே சாய்ந்தன. வீடு கைநழுவிப் போகாதிருக்க முற்பணம் அனுப்புவதென்று கார்த்திகை முதல் வாரத்தில் முடிவு செய்தோம்.

முற்பணம் அனுப்ப எண்ணியிருந்த அந்நாட்களிலேதான், 2025 நவம்பர் 22ஆம் நாள், பகல கடுகண்ணாவையில் வீதியோரத்தில் மலை சரிந்து உயிர்களைப் பலிகொண்டது. நாம் விரும்பிய வீட்டிலிருந்து அது சிறிது தூரமே. அத்துயரம் ஆறுமுன், அம்மாத இறுதியில் டிட்வா புயல் நாட்டைத் தாக்கியது. கண்டி மாவட்டம் பெரும் உயிர்ச்சேதம் கண்டது. கணவாய் வீதி மூடப்பட்டது. நம்மை மலைமேல் ஏற்றிச்சென்ற புகையிரதப் பாதை பல இடங்களில் சிதைந்து, வண்டிகள் நின்றன. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் அமர்ந்து, தொலைக்காட்சியில் அம்மலைகளைப் பார்த்தபோது, தேநீர்க்கடைப் பெரியவரின் சொல் காதில் ஒலித்தது. ஆவணியில் நாம் சிரித்த சிரிப்பை எண்ணி வெட்கினோம்.

பின்னர் பழைய செய்திகளைத் தேடிப் படித்தோம். இது முதற்றடவை அன்று. 2021ஆம் ஆண்டு நவம்பரிலும் பகல கடுகண்ணாவையில் மண் சரிந்து பெருவீதி மூடப்பட்டிருந்தது. மலையைச் செங்குத்தாக வெட்டி அமைத்த வீதி. சரிவுகளில் பெருகும் கட்டடங்கள். தென்மேற்குப் பருவமழையின் பின் வரும் இடைப்பருவ மழையில் நீரூறிக் கனக்கும் மண். இவை மூன்றும் கூடும் இடத்தில் மலை தன் பாரத்தைத் தாங்காது சரிகிறது. டோசன் வகுத்த வழி ஊருக்குத் தந்த வாழ்வையும், அவ்வழி அடைபட்டால் வரும் தாழ்வையும் அப்போதுதான் நேராக உணர்ந்தோம்.

கொழும்புக்கு ஆபத்தில்லையா என்று கேட்கலாம். உண்டு. அதே புயலில் களனி கங்கை பெருகி, கொழும்பைச் சூழ்ந்த தாழ்நிலங்களில் எத்தனையோ வீடுகளை மூழ்கடித்தது. ஆபத்தில்லாத ஊர் என்று ஒன்று இல்லை. ஆயினும் ஆபத்து எத்தகையது, அது எப்போது வரும், நாம் இருக்கும் இடம் அதற்கு எத்தனை அண்மையில் என்று அறிந்து குடியேறுவது வேறு. மலையழகில் மயங்கிக் குடியேறுவது வேறு.

நாம் செய்த முடிவு

முற்பணம் அனுப்பவில்லை. அதற்காகக் கடுகண்ணாவையைக் கைவிடவும் இல்லை. மழை ஓய்ந்தபின் நால்வரும் மீண்டும் கொப்பியைச் சுற்றி அமர்ந்தோம். முடிவுகள் இவை.

மகளின் பரீட்சை முடியும்வரை வெள்ளவத்தையிலேயே இருப்பது. உயர்ந்த வாடகையின் பாரத்தை அதுவரை தாங்குவது. அவளுடைய ஓராண்டுக்கு நாம் கொடுக்கும் விலை அது. சிநேகிதிகளுக்கு எதிரே எழுதாமல் விட்ட தொகை அதுதான் என்று இல்லத்தரசியார் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

பரீட்சை முடிந்தபின், விலைக்கு அன்றி வாடகைக்கே, ஓராண்டுக்கு ஒரு வீடு எடுப்பது. அது 32 படிகள் ஏறும் சரிவு வீடாக இருத்தல் ஆகாது. கணவாய் முகத்தை விட்டு விலகி, பிலிமத்தலாவைப் பக்கமாக, சமதரையில், பெருவீதிக்கும் வைத்தியசாலைக்கும் கிட்டிய வீடாக இருத்தல் வேண்டும். அங்கே ஒரு வைகாசி மழையையும் ஓர் ஐப்பசி மழையையும் முழுதாக இருந்து பார்த்தபின்னரே, காணி வாங்குவதைப் பற்றிப் பேசுவது.

வாங்குவதானால், உறுதியை நொத்தாரிசிடம் காட்டுவதற்கு முன்னர், அக்காணி மண்சரிவு அபாய வலயத்தில் உள்ளதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டறிவது. மலை மாவட்டங்களில் வீடு கட்டுவோர் அந்நிறுவனத்தின் சான்றினைப் பெறவேண்டும் என்பது விதி. கட்டும்போது கேட்பதை வாங்குமுன்னரே கேட்டால், பணமும் மிஞ்சும். ஒருவேளை உயிரும் மிஞ்சும்.

வழியைப் பற்றியும் ஒரு குறிப்பு எழுதினோம். பெருவீதியும் புகையிரதப் பாதையும் ஒரே கணவாயின் வழியே ஏறுகின்றன. ஒன்றுக்கு வரும் இடர் மற்றதற்கும் வரக்கூடும். மத்திய அதிவேக வீதியின் மீரிகம குருநாகல் பகுதி 2022ஆம் ஆண்டில் திறக்கப்பட்டுள்ளதாயினும், அது கடுகண்ணாவை மலையை ஏறுவதில்லை. ஆகவே மலைமேல் குடியேறுவோர், சில நாட்கள் கீழே இறங்க முடியாது போனாலும் வாழத்தக்க வகையில் மருந்தும் உணவும் சேமித்துவைக்கப் பழகவேண்டும். கொழும்பு அலுவலகத்துக்குக் குறித்த நாளில் வந்தே தீரவேண்டும் என்ற தொழில் உடையோருக்கு இவ்வூர் பொருந்தாது.

இத்தனையும் எழுதி முடித்தபோது, ஊர் மாறுவது பற்றி நாம் தொடக்கத்தில் எண்ணியது எவ்வளவு குறையுடையது என்பது விளங்கிற்று. வாடகையை மட்டும் ஒப்பிட்டோம். பின்னர் தூரங்களை ஒப்பிட்டோம். ஆனால் பருவங்களை ஒப்பிடவில்லை. ஓர் ஊரின் நல்ல நாளையும் நம் ஊரின் கெட்ட நாளையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொன்னோம். அது நீதியான கணக்கன்று. ஊர் மாற எண்ணும் வாசகர்கள், தாம் விரும்பும் இடத்தை அதன் கடுமையான மாதத்தில் ஒரு தடவையாவது சென்று பார்ப்பார்களாக. அயலவரிடம் வாடகையை விசாரிக்கும் முன், சென்ற மழையில் என்ன நடந்தது என்று விசாரிப்பார்களாக. வீட்டிலுள்ள முதியவரையும் பிள்ளையையும் கேளாமல் ஒரு பெட்டியையும் கட்டாதிருப்பார்களாக.

மார்கழி முடிவில் வீட்டுச் சொந்தக்காரர் மீண்டும் வந்தார். உயர்ந்த வாடகைக்கு உடன்பட்டோம். ஆனால் ஓராண்டுக்கு மட்டுமே என்றோம். அவர் தேநீரை இம்முறை விரைவாகவே பருகி எழுந்தார். அவர் போனபின் தாயார், மொட்டைமாடிக்குப் போகும் படியருகே வைத்திருந்த பழைய வாளியில் ஒரு முருங்கைத் தடியை ஊன்றி, தண்ணீர் விடும்படி மகளிடம் சொன்னார்.

"அங்கை காய் குறைவு எண்டுதானே சொன்னவை? இலை வருந்தானே" என்றார்.